பெர்சியோங் சாகும் வரை பழைய புத்தகம்

"அண்ணே, நாங்கள் ஆறு பேர். நாலு வருடமாக டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம், 2014 விதிகள். எல்லாரும் ஒன்பதாவது லெவல், கதை பாதியில் இருக்கிறது. எங்களில் ஒருவன் 2024-இல் வந்த புதிய புத்தகத்தை வாங்கிவிட்டு, எல்லாரும் அதற்கு மாறியே ஆக வேண்டும் என்கிறான். இன்னொருவன், மாறினால் நான் வரமாட்டேன் என்கிறான். கங்காணி நான்தான். என்ன செய்யட்டும்?"

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராய்த் தம்பி ஒருவர் கேட்டது இது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் இது. இதில் கதையை நடத்துபவருக்குப் புத்தகத்தில் டஞ்சன் மாஸ்டர் என்று பெயர். எங்கள் மேசையில் அவரைக் கங்காணி என்போம். ஆள் சேர்ப்பது, வராதவனைத் தேடிப்போவது, வந்தவனை வேலை வாங்குவது எல்லாம் அவர் தலையில்தான். சண்டையில் யார் முதலில் அடிப்பது என்று பகடை உருட்டி வரிசை போடுவதற்குப் பெரட்டு என்று பெயர். அந்தச் சொற்கள் தம்பியின் மேசைக்கும் போய்ச் சேர்ந்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். நடுக்கதையில் மாறாதே. உங்கள் கதையின் வில்லன் ராஜா பெர்சியோங் என்று எழுதியிருந்தாய். கீரைக் கறியில் சமையல்காரியின் ரத்தம் சொட்டி, அந்த ருசி பிடித்துப்போய் கோரைப்பல் முளைத்த கெடா ராஜா. சின்ன வயதில் என்னைக் கீரை சாப்பிட விடாமல் செய்த ஆள். ஜெராய் மலை உச்சியில் அவன் கதையை முடித்துவிட்டு, அடுத்த கதையைப் புதிய விதிகளில் தொடங்கு. அதுவரை புதிய புத்தகத்திலிருந்து நாலைந்து சரக்கை மட்டும் எடுத்துக்கொள். எவற்றை, ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று முதலில் பார்ப்போம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-இல் கொண்டுவந்த ஆட்டம் இது. 2000-இல் மூன்றாம் பதிப்பு, 2003-இல் அதைத் திருத்தி 3.5, 2008-இல் நான்காவது, 2014-இல் ஐந்தாவது. 2024 செப்டம்பரில் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை, அதாவது ஆட்டக்காரர்களுக்கான விதிப் புத்தகத்தை, வெளியிடும் நிறுவனமான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் ஆறாம் பதிப்பு என்று சொல்லவில்லை. ஐந்தாவதன் திருத்தம் என்கிறது, பழைய சாகசக் கதைகளை இதிலும் விளையாடலாம் என்கிறது. ஆட்டக்காரர்கள் பலர் 5.5 என்கிறார்கள். அதே வருடம் நவம்பரில் கங்காணிக்கான புத்தகம் வந்தது, 2025 பிப்ரவரியில் பூதங்களின் புத்தகமான மான்ஸ்டர் மேனுவல்.

நிறுவனம் சொல்வது பெரும்பாலும் சரிதான். இருபது முகப் பகடையை உருட்டு, உன் எண்ணைக் கூட்டு, இலக்கைத் தொட்டாயா பார். அந்த எலும்புக்கூடு அப்படியேதான் இருக்கிறது. பன்னிரண்டு கிளாஸும், அதாவது மந்திரவாதி, போர்வீரன் போன்ற பாத்திர வகைகளும், இருக்கின்றன. என் பயமே அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் என் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2008-இல் நான் சுங்கைப்பட்டாணியில் வேலையில் இருந்தேன். ஒரு தாமான் வீட்டு முன்கூடத்தில் ஆறு பேர் 3.5 விளையாடினோம், மூன்றாவது வருடம். அந்த வருடம் ஜூனில் நான்காம் பதிப்பு வந்தது. கங்காணி நான். மூன்று புத்தகத்துக்கும் ஒரு கடையில் பணம் கட்டி இரண்டு மாதம் காத்திருந்தேன். அந்த இரண்டு மாதக் காத்திருப்பே என் புத்தியைக் கெடுத்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. புத்தகம் கைக்கு வந்த அதே வாரக் கடைசியில், யாரையும் கேட்காமல், எல்லாருடைய பாத்திரங்களையும் நானே உட்கார்ந்து புதிய விதிக்கு மாற்றி எழுதினேன்.

எங்கள் மந்திரவாதியாக விளையாடியவர் ஒரு பள்ளி நோட்டுப்புத்தகம் வைத்திருந்தார். எந்த மந்திரத்தை எந்த நாளுக்குத் தயார் செய்வது என்று பென்சிலில் கட்டம் போட்டு எழுதியிருப்பார். நான்காம் பதிப்பில் எல்லாக் கிளாஸுக்கும் ஒரே அச்சு: எப்போதும் செய்யக்கூடியது, சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. நோட்டுப்புத்தகத்துக்குப் பெரிதாக வேலை இல்லை. மூன்று வாரம் வந்தார். அப்புறம் ஓவர்டைம் என்றார். அடுத்த வருடம் 3.5-இன் வழியில் பாத்ஃபைண்டர் என்ற போட்டி ஆட்டம் வந்தபோது இன்னும் இரண்டு பேர் அந்தப் பக்கம் போனார்கள். அதற்குள் மேசையே இல்லை என்பது வேறு விஷயம்.

ரொம்ப நாள் நான்காம் பதிப்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அதை எடுத்துப் படித்தால், கட்டம் போட்ட தாளில் சண்டை போடுவதற்கு அது நல்ல ஆட்டம் என்றே படுகிறது. நோட்டுப்புத்தகத்தைக் கேட்காமல் பிடுங்கியது நான்.

ஆனால் 2008-இல் ஒரு வசதி இருந்தது, அது உங்களுக்குக் கிடையாது. எல்லாமே புதிதாக இருந்ததால் எல்லாரும் படித்தோம். தெரியாது என்பது தெரிந்தது. 2014-க்கும் 2024-க்கும் இடையில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு ஒன்றாக இருப்பதால் ஒருவரும் திரும்பப் படிக்கமாட்டார்கள். நாலு வருடமாக ஊறிய விதியை நாக்கு தானாகச் சொல்லும், அது பழைய விதியாக இருக்கும். புதிய புத்தகத்தை வாங்கியவன் "இல்லை, மாறிவிட்டது" என்பான். ஒரு ராத்திரியில் இது பத்துமுறை நடந்தால் யாருக்கும் கதை ஞாபகம் இருக்காது.

சில உதாரணம் சொல்கிறேன், உன் மேசையில் சோதித்துப் பார். பழைய விதியில் பதுங்கியிருந்து பாய்ந்தால், எதிர்பாராமல் மாட்டியவன் முதல் சுற்றில் அசையவே முடியாது. புதியதில் அவனுக்குப் பெரட்டு உருட்டும்போது பாதகம், அதாவது இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுப்பான், அவ்வளவுதான். செம்பனைக் காட்டில் பதுங்கித் தாக்குவதையே தொழிலாக வைத்திருக்கும் கூட்டத்துக்கு இது தலைகீழ் மாற்றம். எதிராளியின் மந்திரத்தைத் தடுக்கும் கவுன்ட்டர்ஸ்பெல் மந்திரம் முன்பு மூன்றாம் படி வரையிலான எதையும் கேட்காமல் முறித்துவிடும். இப்போது எதிராளி உடல்வலுவுக்கு ஒரு தாங்குருட்டு, அதாவது விளைவிலிருந்து தப்பிக்கும் உருட்டு, உருட்டலாம், தோற்றாலும் அவனுடைய மந்திர இருப்பு, அதாவது நாளுக்கு இத்தனை மந்திரம் என்ற கையிருப்பு, செலவாகாது. மல்லுக்கட்டிப் பிடிப்பது முன்பு இரண்டு பேரும் எதிரெதிராக உருட்டும் போட்டி. இப்போது பிடிபடுகிறவன் மட்டும் தாங்குருட்டு போடுகிறான். பெயர் எல்லாம் அதேதான். உள்ளே இருக்கும் சரக்குதான் வேறு.

சரி, இப்போது நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். மாறச் சொல்கிறவன் எந்தக் கிளாஸ், மறுக்கிறவன் எந்தக் கிளாஸ் என்று நான் திருப்பிக் கேட்டபோது, மாறச் சொல்கிறவன் மங்க் (வெறுங்கையால் சண்டை போடும் துறவி), மறுக்கிறவன் பலாடின் (தெய்வ பலத்தோடு சண்டை போடும் வீரன்) என்று சொன்னாய். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

2014 விதிகளில் மங்க் இளைத்துப்போன கிளாஸ் என்று உலகம் முழுக்கப் புலம்பல் இருந்தது. 2024-இல் அதற்கு நன்றாகத் தீனி போட்டிருக்கிறார்கள். உங்கள் லெவலில் அவனுடைய வெறுங்கை அடி ஆறு முகப் பகடையிலிருந்து எட்டு முகப் பகடைக்குப் போகிறது. முன்பு எய்த அம்பை மட்டும் தட்டிவிட்டவன் இப்போது கத்திக்குத்தையும் தட்டிவிடுவான். எதிரியை மலைக்கச் செய்யும் அடியை ஒரு திருப்பில் (ஒருவனுடைய முறை வரும் நேரம்) ஒருமுறைதான் முயலலாம் என்று கட்டியிருக்கிறார்கள், ஆனால் எதிரி தப்பித்தாலும் அவனுக்குப் பாதி வேகம்தான். மொத்தத்தில் மங்க் தம்பிக்கு லாபம்.

பலாடின் தம்பியின் கணக்கு வேறு. பழைய விதியில் அவன் ஒரே திருப்பில் இரண்டு அடி அடித்து, இரண்டுமே விழுந்தால், இரண்டிலும் தெய்வ அடியை (டிவைன் ஸ்மைட்) சேர்க்கலாம். உங்கள் லெவலில் பெரிய மந்திர இருப்பைச் செலவழித்தால் ஒவ்வொன்றுக்கும் நாலு எட்டுமுகப் பகடை. அந்த ராத்திரியின் கைதட்டல் அவனுக்குத்தான். புதிய விதியில் டிவைன் ஸ்மைட் ஒரு மந்திரம், போனஸ் செயலில், அதாவது முக்கியச் செயலுக்கு மேல் ஒரு திருப்பில் ஒன்றே ஒன்று கிடைக்கும் சின்னச் செயலில், போட வேண்டும், அதனால் ஒரு திருப்பில் ஒன்றுதான். மந்திரமாகிவிட்டதால் எதிரி அதை முறிக்கவும் முயலலாம். பதிலுக்கு அவனுக்குக் கிடைப்பதும் உண்டு: கைவைத்துக் குணமாக்குவது போனஸ் செயலாகிவிட்டது, நாளுக்கு ஒரு தெய்வ அடி செலவில்லாமல், கூப்பிட்டால் வரும் குதிரை ஒன்று. கூட்டிக் கழித்தால் அவன் பெரிதாக நஷ்டப்படவில்லை என்றுதான் நான் நினைப்பேன். ஆனால் அவன் நாலு வருடமாக ரசித்த அந்த ஒரு நொடி போய்விடுகிறது. அவன் மறுப்பதைப் பிடிவாதம் என்று எழுதியிருந்தாய். எனக்கு அது நோட்டுப்புத்தகம்.

மங்க் தம்பி மேலும் தப்பில்லை. நாலு வருடம் பின்வரிசையில் நின்றவனுக்கு ஆசை இருக்கத்தான் செய்யும். நடுக்கதையிலேயே அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால், புதிய மங்கின் அடிப்பகடையை மட்டும் இப்போதே கொடுத்துவிடு. கங்காணிக்கு அந்த அதிகாரம் உண்டு, உன் மேசை கவிழ்ந்துவிடாது.

இனி, இப்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மற்ற சரக்கு. குணமாக்கும் மருந்துக் குப்பியைக் குடிப்பதற்குப் பழைய விதியில் ஒரு முழுச் செயல் போய்விடும், புதியதில் போனஸ் செயல் போதும். நிறையப் பேர் பல வருடமாகவே அப்படித்தான் விளையாடுகிறோம், புத்தகம்தான் பிந்தி வந்தது. கியூர் வூண்ட்ஸ் மந்திரத்துக்கு ஒரு எட்டுமுகப் பகடைக்குப் பதில் இரண்டு. ஹீலிங் வேர்டுக்கு ஒரு நாலுமுகப் பகடைக்குப் பதில் இரண்டு. இதனால் விழுந்தவனை எழுப்பிவிடுவதற்கு மட்டுமே குணமாக்குவது என்ற பழக்கம் கொஞ்சம் குறையும். அப்புறம் களைப்பு. பழைய விதியில் ஆறு படிக்கு ஆறு வெவ்வேறு தண்டனை, ஒவ்வொரு தடவையும் பக்கத்தைத் தேடிப் புரட்ட வேண்டும். புதியதில் ஒரு படிக்கு எல்லா இருபதுமுக உருட்டலிலும் இரண்டு குறை, வேகத்தில் ஐந்து அடி குறை, ஆறாவது படியில் சாவு. ஜெராய் 1,217 மீட்டர். உன் ஆட்களை அடிவாரத்திலிருந்து நடக்கவிட்டால் இந்த விதி உனக்கு நிச்சயம் தேவைப்படும்.

உனக்கென்று, கங்காணிக்கென்று, ஒன்று எடுத்துக்கொள்: எத்தனை பூதத்தை இறக்கினால் சண்டை சரியாக இருக்கும் என்ற கணக்கு. பழைய கணக்கில் பூதங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருக்கி, ஒப்பிட்டு, தலைவலி வந்துவிடும். புதியதில் அந்தப் பெருக்கல் இல்லை. எளிது, நடுத்தரம், கடினம் என்ற மூன்று அளவில் ஒன்றைத் தேர்ந்து, ஆளுக்கு இவ்வளவு என்று கூட்டி, அந்தத் தொகைக்குள் பூதம் வாங்குகிறாய். சாமான் கடையில் காசுக்கு ஏற்றபடி வாங்குவது மாதிரி.

புதிய பூதங்களை இறக்கும்போது மட்டும் கொஞ்சம் பார்த்து. பல பூதங்களின் அடி விழுந்தாலே விளைவும் சேர்ந்து விழும்படி மாற்றியிருக்கிறார்கள். பழைய ஓநாய் கடித்தால் கீழே விழாமல் தாங்கிக்கொள்ள ஓர் உருட்டு உண்டு. புதிய ஓநாய் கடித்தால் நம் அளவுள்ள ஆள் நேராகத் தரையில்தான். பெரிய பூதங்கள் அடிக்கும் அடியும் கூடியிருக்கிறது. பழைய ஆட்களுக்கு எதிராகப் புதிய பூதத்தை இறக்கலாம், ஆட்டம் உடையாது, ஆனால் முதல் இரண்டு சண்டையில் ஓர் ஆளைக் குறைத்து இறக்கு.

எடுக்கக் கூடாதது ஆயுதத் தேர்ச்சி. புதிய விதிகளில் ரொம்பப் பேசப்படுவது அதுதான், எனக்கும் பிடித்திருக்கிறது. ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஒரு தனிக் குணம்: சம்மட்டி அடித்தால் தள்ளும், கோடரி பக்கத்திலிருப்பவனையும் சேர்த்து வெட்டும், பெரிய வாள் குறி தவறினாலும் கொஞ்சம் கீறும், கம்பு காலை வாரிவிடும். வெறும் வெட்டு வெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்த ஃபைட்டருக்கு இது பெரிய விருந்து. ஆனால் நேரம் தின்னும். கம்பால் இரண்டு அடி அடித்தால், கால் வாருகிறதா என்று இரண்டுமுறை எதிரி தாங்குருட்டு போட வேண்டும். உங்களில் இரண்டு பேர் கூலிம் தொழிற்சாலையில் ஷிஃப்ட், சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான் ஆட்டம் என்று சொன்னாய். மூன்று மணி நேரத்தில் அரை மணியை இதற்குக் கொடுப்பதா என்பதைப் புதிய கதையில், எல்லாரும் சின்ன லெவலில் பழகிக்கொள்ளும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கான்ஜர் அனிமல்ஸ் மந்திரத்தில் உங்கள் ட்ரூயிட், அந்த இயற்கை மந்திரக்காரர், எட்டு ஓநாய்களைக் கூப்பிட்டு, எட்டையும் நகர்த்தி, எட்டுக்கும் உருட்டி, அதற்குள் மற்றவர்கள் தே தாரிக் வாங்கப் போய்வந்திருப்பார்கள். புதிய விதியில் அது ஓர் ஆவிக் கூட்டம். மொத்தமாக ஒரு பத்தடி இடம், அதன் பக்கத்தில் மாட்டியவன் ஒரு தாங்குருட்டு போடுவான், முடிந்தது. நான் மாறியதற்கு உண்மையான காரணம் இந்த ஒரு மந்திரம்தான் என்று சொன்னால் பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

காசு விஷயம். வெளிவந்தபோது ஒரு புத்தகத்தின் அமெரிக்க விலை 49.99 டாலர். கப்பல் செலவு சேர்ந்தால் 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) குறையாது என்று வைத்துக்கொள். மூன்றும் வாங்கினால் 600. 2025-இலிருந்து நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மூன்றில் ஒரு பங்கு சம்பளத்தை பகடைக்குக் கொடு என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அடிப்படை விதிகளை எஸ்ஆர்டி என்ற பெயரில் நிறுவனமே இலவசமாக வைத்திருக்கிறது. 2014 விதிகளுக்கு 5.1, 2024 விதிகளுக்கு 2025 ஏப்ரலில் வந்த 5.2. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரே ஓர் உட்பிரிவுதான் அதில் இருக்கும். புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் நாலு. ஆனால் இரண்டு மூன்று மாதம் விளையாடிப் பார்க்க அந்த ஒன்று தாராளம். ஒருவன் ஏற்கெனவே புத்தகம் வாங்கிவிட்டான் வேறு. ஆறு பேருக்கு ஒரு புத்தகம், கங்காணிக்கு ஒரு மான்ஸ்டர் மேனுவல், போதும். கங்காணிக்கான புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம். அதில் பாத்திரங்கள் தங்களுக்கென்று கோட்டை கட்டிக்கொள்ளும் விதி ஒன்று இருக்கிறது, அழகாக இருக்கிறது, ஆனால் இப்போது உனக்கு அவசரமில்லை.

இந்த இலவசத்துக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. 2023 ஜனவரியில், 2000-இலிருந்து மற்றவர்களும் இந்த விதிகளை வைத்துப் புத்தகம் போட அனுமதித்த உரிமத்தை நிறுவனம் மாற்றப்போகிற வரைவு வெளியே கசிந்தது. உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். அந்த மாதம் 27-ஆம் தேதி நிறுவனம் பின்வாங்கி, 5.1 முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொது உரிமத்தில் விட்டுவிட்டது. அதைத் திரும்பப் பிடுங்க முடியாது. 5.2-உம் அதே உரிமத்தில்தான் வந்தது. பலாடின் தம்பி "பழையதை நிறுத்திவிடுவார்கள்" என்று பயந்தால் அவனிடம் இதைச் சொல். புத்தகக் கடையில் பழையது இல்லாமல் போகலாம், விதி எங்கும் போகாது.

செயலியில் பாத்திரம் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம். 2024 ஆகஸ்டில் டி அண்ட் டி பியாண்ட் செயலியில் பழைய மந்திரங்களுக்குப் பதில் புதியவற்றைத் தானாக மாற்றிவிடப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே விட்டுவிட்டார்கள். உன் ஆட்களின் பாத்திரத் தாளை ஒரு முறை காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல். காகிதத்தை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றமாட்டார்கள்.

அந்தக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நமக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, பலர் கவனிக்கவில்லை. மூலம் இது என்று அவர்கள் கேட்கிற குறிப்பைச் சேர்த்தால், அதை நாம் மொழிபெயர்க்கலாம், சுருக்கலாம், நகல் எடுத்துக் கொடுக்கலாம். நீங்கள் தமிழில்தான் விளையாடுகிறீர்கள். தாங்குருட்டு, சாதகம், பாதகம், பெரட்டு, குட்டி ஓய்வுக்குத் தே நேரம் என்று நாலு வருடத்தில் உங்களுக்கென்று ஒரு மொழியே ஆகிவிட்டது. புதிய விதிக்கு மாறும்போது மறந்துபோவது இந்த வேலைதான். ஆயுதத் தேர்ச்சிக்கு மட்டும் எட்டுச் சொல் வேண்டும். சொல் கிடைக்காத விதியை மேசையில் யாரும் பயன்படுத்துவதில்லை, நான் பார்த்திருக்கிறேன். அதனால் எல்லாரும் ஒரு நாள் உட்கார்ந்து, மாறியவற்றை மட்டும் நாலு பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். மாறாததை எழுத வேண்டாம். இந்த வேலையைப் பலாடின் தம்பியிடம் கொடு. எழுதுகிறவன் படித்தே ஆக வேண்டும், படித்தால் தன் குதிரையைப் பார்ப்பான்.

தாள் தயாரானதும் இரண்டு சனிக்கிழமையைத் தனியாக ஒதுக்கு. பெர்சியோங் கதைக்குச் சம்பந்தமில்லாத ஒரு குட்டிக் கதை, எல்லாரும் மூன்றாம் லெவல் புதுப் பாத்திரம். புதிய விதியில் எல்லாக் கிளாஸுக்கும் உட்பிரிவு மூன்றாம் லெவலில்தான் திறக்கிறது, அதனால் அங்கிருந்து தொடங்கினால் எல்லாரும் எல்லாவற்றையும் ருசி பார்க்கலாம். கதைக்கு ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. வருடம் 1025, ராஜேந்திர சோழனின் கப்பல் படை கடாரத்தை நோக்கி வருகிறது, பூஜாங் ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்ட ஒரு வணிகக் கூட்டம் தன் சரக்கை எங்கே ஒளிப்பது? இரண்டு ராத்திரிக்குப் போதும். இரண்டாவது ராத்திரி முடிந்ததும் வாக்கெடுப்பு வைக்காதே. நாலுக்கு இரண்டு என்று ஜெயித்தால், அந்த இரண்டு பேரில் ஒருவர் அடுத்த மாதம் ஓவர்டைம் என்பார். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேள், மோட்டாரை எடுக்கும்போது, சாதாரணமாக. "எது தொந்தரவாக இருந்தது?" என்று கேள். "பிடித்ததா?" என்று கேட்டால் பிடித்தது என்றுதான் சொல்வார்கள்.

ஒருவேளை பெர்சியோங்கை முடித்தபிறகும் இதே பாத்திரங்களைத் தொடர ஆசை வந்தால், பழைய தாளில் வரிக்கு வரி அழித்து எழுதாதீர்கள். வெற்றுத் தாளை எடுத்து, பெயரையும் ஆயுதத்தையும் கடனையும் மட்டும் கொண்டுவந்து, ஒன்றாம் லெவலிலிருந்து இருக்கிற லெவல் வரை புதிதாகக் கட்டுங்கள். ஓர் இடத்தில் எல்லாரும் தடுமாறுவார்கள்: பலம், அறிவு போன்ற எண்களுக்கான கூடுதல் முன்பு பிறப்பினத்திலிருந்து வந்தது, இப்போது பாத்திரம் முன்பு பார்த்த தொழிலிலிருந்து வருகிறது, கூடவே ஃபீட் என்ற ஒரு தனித்திறமையும். இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டால் ஆள் மாதிரி இருக்கமாட்டான், எருமை மாதிரி இருப்பான். உங்களில் யாராவது ஹாஃப்-எல்ஃப் என்றால் புதிய புத்தகத்தில் அந்த இனமே இருக்காது. பழையதைக் கொண்டுவரலாம், எண் கூடுதலை மட்டும் விட்டுவிட வேண்டும்.

மாறவே வேண்டாம் என்று ஆறு பேரும் முடிவு செய்தால்? அதுவும் சரி. 2014 விதிகளுக்கு உங்கள் வாழ்நாளில் விளையாடி முடிக்க முடியாத அளவு கதை ஏற்கெனவே இருக்கிறது. பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பை யாராவது சிபாரிசு செய்தால், நல்ல ஆட்டம், விதிகளை இலவசமாகவே படிக்கலாம், ஆனால் இரண்டு பதிப்புக்கு நடுவில் அடித்துக்கொள்ளும் மேசைக்கு மூன்றாவதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகாதே.

நானும் இப்போது 2024 விதிகளில்தான் விளையாடுகிறேன். எங்கள் பழைய கதை முடிந்து ஒரு மாதம் கழித்து மாறினோம். இன்றைக்கும் பதுங்கிப் பாய்ந்தால் "ஒரு சுற்று அசைய முடியாது" என்று என் வாய் தானாகச் சொல்கிறது, யாராவது அந்த நாலு பக்கத் தாளை என் முன்னால் தள்ளிவிடுகிறார்கள். எங்கள் தாளின் நகல் ஒன்றைப் பாடாங் செராய் ஒட்டுக்கடையில் உன் பெயருக்குக் கொடுத்துவைக்கிறேன். ஆயுதத் தேர்ச்சியில் எட்டில் ஐந்துக்குத்தான் எங்களுக்குத் தமிழ்ச் சொல் கிடைத்தது. மீதி மூன்றை நீங்கள் கண்டுபிடித்தால் எனக்குச் சொல்லியனுப்பு.